கோடுதானே என்று சொல்லாதீர்கள்

"கோடுதானே சார், இதுக்குத் தனியா ஒரு கான்ட்ராக்டர் எதுக்கு? படிக்கட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்திருக்காரே, அவர்கிட்டயே சொல்லிட்டா ரெண்டு நாள்ல முடிச்சிடுவார்."

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் பொதுக்குழுவில் ஒரு தடவையாவது உட்கார்ந்தவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். லிஃப்ட், ஜெனரேட்டர், தண்ணீர் லாரி என்று இரண்டு மணி நேரம் காரசாரமாகப் பேசி முடித்து, எல்லோரும் நாற்காலியை நகர்த்தி எழுந்திருக்கும் நேரத்தில்தான் கார் நிறுத்துமிடத்துக் கோடு நினைவுக்கு வரும். யாராவது ஒருவர் இப்படிச் சொல்வார். ஒருவரும் மறுக்கமாட்டார். தென்சென்னையில் நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பில் இது சொல்லப்பட்டபோது நான் பொருளாளராக இருந்தேன். நானும் தலையாட்டினேன். அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

அந்தக் கருத்தை அதற்குரிய நியாயத்தோடு முதலில் எடுத்து வைத்துவிடுகிறேன். பராமரிப்புக் கட்டணம் ஓய்வூதியக்காரர்களும் சேர்ந்து கொடுக்கிற பணம். அதில் ஒரு ரூபாய்கூட வீணாகக் கூடாது. தரையில் நேராக ஒரு கோடு இழுக்கப் பெரிய படிப்பு வேண்டாம். மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்ததை எடுத்தால் நாளை யாரும் நம்மைக் கேள்வி கேட்க முடியாது. அழிந்துபோனால் அடுத்த வருடம் மறுபடி அடித்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் அந்த வாதம். இதில் முதலாவதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். மற்ற மூன்றும் தவறு. அந்த மூன்றையும் நம்பித்தான் ஓய்வூதியக்காரர்களின் பணத்தை நாம் தரையில் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் வளாகத்தில் மதில் ஓரமாக ஒரு வரிசை உண்டு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை 30.5 மீட்டர். அங்கீகாரம் பெற்ற வரைபடத்தில் அந்த வரிசையில் பன்னிரண்டு கார்கள். ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். பன்னிரண்டு இரண்டரை முப்பது. அரை மீட்டர் மிச்சம். காகிதத்தில் எந்தச் சிக்கலும் இல்லை.

பெயின்டர் வந்தார். நல்ல வேலைக்காரர். சுவர், கிரில், கதவு எல்லாவற்றிலும் கை சுத்தம். அவரிடம் நாங்கள் சொன்னது ஒரே வரி: "ஒரு காருக்கு ரெண்டரை மீட்டர் விடுங்க." அவரும் சொன்னபடியே ஒரு கோட்டின் உள்விளிம்பிலிருந்து அடுத்த கோட்டின் உள்விளிம்பு வரை சரியாக 2.5 மீட்டர் விட்டார். கோட்டின் அகலம் 10 சென்டிமீட்டர். ஆக ஒவ்வொரு காரும் 2.6 மீட்டரைத் தின்றது. பன்னிரண்டு இடங்களும் பதின்மூன்று கோடுகளும் சேர்ந்தால் 31.3 மீட்டர் வேண்டும். அங்கே அவ்வளவு இல்லை. பதினொன்றாவது இடத்தோடு அவர் கை நின்றுவிட்டது. மூலையில் மிஞ்சியது 1.8 மீட்டர்.

அந்தப் பன்னிரண்டாவது இடம் இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியருடையது. அவரிடம் இருப்பது ஸ்விஃப்ட். அதன் அகலம் 1.735 மீட்டர். 1.8 மீட்டருக்குள் அதை நுழைத்துவிடலாம்; கதவைத் திறந்து இறங்க முடியாது. மறுநாள் காலை அவர் கீழே வந்து அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் மறக்கவில்லை. பத்து வருடமாகக் கட்டணம் பாக்கி வைக்காதவர். ஒரே வாரத்தில் அவருக்கும் பக்கத்து இடத்துக்காரருக்கும் பேச்சு நின்றது. பக்கத்து இடத்துக்காரர் செய்த தவறு என்ன? அவருக்கு வரைந்து கொடுத்த கோட்டுக்குள் வண்டியை நிறுத்தினார்.

பழியைப் பெயின்டர் மேல் போட எல்லோரும் தயாராக இருந்தார்கள். நான் அதற்கு உடன்படவில்லை, இன்றும் உடன்படமாட்டேன். கோட்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? வரைபடத்தை அவர் கையில் யார் கொடுத்தார்கள்? சுவருக்கு வண்ணம் அடிப்பவருக்குச் சுவரின் பரப்பு தெரிந்தால் போதும். நிறுத்துமிடத்தில் கோடு போடுபவருக்கோ காரின் கதவு தெரியவேண்டும், திரும்பும் வட்டம் தெரியவேண்டும், தூண் தெரியவேண்டும். இரண்டும் தூரிகை பிடிக்கிற வேலை என்பதால் ஒரே தொழில் ஆகிவிடாது. தையல்காரரும் மெத்தை தைப்பவரும் ஊசியைத்தான் பிடிக்கிறார்கள்.

தொழில் தெரிந்தவர் எப்படி அளப்பார்? ஒரு கோடியில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, டேப்பை அங்கிருந்து எடுக்காமல் 2.5, 5, 7.5, 10 என்று ஓட்டமாகக் குறித்துக்கொண்டே போவார். ஒவ்வொரு இடத்துக்கும் டேப்பைத் தூக்கித் தூக்கி வைத்தால் தடவைக்கு ஒரு சென்டிமீட்டர் தப்பினாலும் பன்னிரண்டாவது இடத்தில் அது பன்னிரண்டு சென்டிமீட்டராகச் சேர்ந்து நிற்கும். செங்கோணம் பார்க்க 3, 4, 5 என்ற மேஸ்திரிக் கணக்கைப் போடுவார். நூலைச் சுண்ணப்பொடியில் தோய்த்து அடித்து, வரிசை முழுவதையும் பொடிக்கோட்டில் காட்டி, "சரியா பாருங்க" என்று கேட்பார். அதன் பிறகுதான் டின்னைத் திறப்பார். வாசலில் புள்ளிக்கோலம் போடுகிற பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெருக்கி, தண்ணீர் தெளித்து, புள்ளி வைத்து முடித்த பிறகுதான் அங்கே கோடு. ஒரு புள்ளி தப்பினால் கோலம் முழுவதும் தப்பும் என்று பத்து வயதிலேயே தெரிந்துகொள்கிறார்கள். ஐம்பது லட்ச ரூபாய் வீடு வாங்கியவர்கள் கூடியிருந்த எங்கள் கூட்டத்தில் இது யாருக்கும் தோன்றவில்லை.

தூண்கள் இன்னும் பெரிய விஷயம். தூண்களின் மேல் கட்டடம் நிற்கும் ஸ்டில்ட் தளத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே இரண்டு கார்கள் என்று வரைபடம் சொல்லும். மேலே பூச்சு பூசி, மூலைக்கு ரப்பர் காப்புப் பட்டை அடித்த பிறகு அந்த இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கும். அதோடு கார்களும் பருத்துவிட்டன. மாருதி 800-இன் அகலம் 1.44 மீட்டர், இரண்டரை மீட்டர் இடத்தில் அதை நிறுத்தினால் பக்கத்துக்கு அரை மீட்டருக்கு மேல் காற்றோட்டம் இருந்தது. இன்னோவா கிரிஸ்டா 1.83. மஹிந்திரா எக்ஸ்யூவி 700 என்றால் 1.89, அதன் இரண்டு பக்கமும் மிஞ்சுவது முப்பது முப்பது சென்டிமீட்டர். தூணை ஒட்டி அது நின்றால் ஓட்டுநர் எந்தப் பக்கம் இறங்குவார்? எந்த வண்டி தூண் ஓரம், எது சுவர் ஓரம், சாய்தளத்தின் வாயில் யார் என்பதையெல்லாம் சங்கம் உட்கார்ந்து பேசி முடிவு செய்து, தாளில் எழுதி, கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். நாங்கள் பேசவில்லை. பேசாமல் விட்ட முடிவை எல்லாம் ஒரு நாள் கூலிக்கு வந்தவரின் தலையில் ஏற்றி, அவர் போட்ட கோட்டையே விதி என்று ஏற்றுக்கொண்டோம்.

இனி வண்ணத்துக்கு வருகிறேன். "நல்ல கம்பெனி பெயின்ட் வாங்கிக் கொடுத்துட்டோம், அப்புறம் என்ன?" என்பது அதே கருத்தின் இன்னொரு முகம். இதற்குக் கணக்கே பதில் சொல்லும். நாற்பது கார் நிறுத்தும் ஓர் இடத்தில் கோடுகளின் மொத்த நீளம் ஏறக்குறைய 300 மீட்டர் வரும் என்று வையுங்கள். 10 சென்டிமீட்டர் அகலம் என்றால் வண்ணம் பூச வேண்டிய பரப்பு 30 சதுர மீட்டர். ஒரு பெரிய அறையின் தரை அளவு. கோட்டு வண்ணம் ஈரமாக இருக்கும்போது சுமார் 0.38 மில்லிமீட்டர் கனம் இருக்கவேண்டும் என்பது இந்தத் தொழிலில் பரவலான அளவு. அந்தக் கனத்தில் ஒரு லிட்டர் 26 மீட்டர் கோட்டுக்கு வரும். 300 மீட்டருக்குப் பதினொன்றரை லிட்டர். இரண்டு பூச்சு என்றால் 23 லிட்டர். இவ்வளவுதான் சங்கதி. மொத்தச் செலவில் வண்ணம் சின்னப் பங்கு என்றால், வண்ணத்தில் மிச்சம் பிடித்து யார் என்ன சாதிக்கப் போகிறார்கள்? மற்றவர் கேட்பதில் பாதிக்கு முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் குறைத்திருப்பது அளக்கிற நேரத்தை, தரையைச் சுத்தம் செய்கிற நேரத்தை, காயவிடுகிற நேரத்தை. கோடு நிற்பதும் நிற்காததும் அந்த மூன்றில்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கை வாசகர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் காலி டின்களை எண்ணுங்கள். 300 மீட்டருக்கு இரண்டு பூச்சு அடித்ததாகச் சொல்லி நான்கு லிட்டர் டின் இரண்டுதான் கிடக்கிறது என்றால், உங்கள் தரையில் இருப்பது வண்ணத்தின் நிழல். சுவரில் தூரிகையால் அடிக்கும் ஒரு பூச்சின் கனம், நான் மேலே சொன்ன அளவில் நாலில் ஒரு பங்குதான் தேறும். சுவருக்கு அது போதும். சுவரின் மேல் யாரும் ஒன்றரை டன் வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கைத் திருப்புவதில்லை.

எங்கள் கோடுகள் தையில் போட்டவை. ஆடி முடிவதற்குள் அப்பளம் போல உரிந்து வந்தன. நாங்கள் வாங்கிக் கொடுத்தது கிரில்லுக்கு அடிக்கும் எனாமல். விலை உயர்ந்த எனாமல். அது ஏன் உரிந்தது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். சிமென்ட் தரை காரத்தன்மை உள்ளது. எனாமலில் இருக்கும் எண்ணெய்ப் பசையும் அந்தக் காரமும் ஈரத்தோடு சேர்ந்தால் நடப்பது சோப்பு காய்ச்சும்போது நடக்கும் அதே வேதிவினை. வண்ணத்தின் அடிப்பக்கம் மெல்ல மெல்லச் சோப்பாக மாறித் தரையை விட்டுவிடும். மேல்பக்கம் பளபளவென்று இருக்கும்; ஒரு டயர் ஏறித் திரும்பினால் தகடாகக் கழன்றுவரும். வெயிலில் ஓடிச் சூடாகி வந்த டயர் என்றால் ஒட்டி இழுத்துக்கொண்டே போகும். விலை உயர்ந்தது, தாழ்ந்தது என்பதற்கு இங்கே இடமே இல்லை. தரைக்கு உரிய வண்ணம் தரைக்கு.

அதைவிட முக்கியம் தரைக்குள் இருக்கிற ஈரம். நிலத்தடி நீர் மேலாக இருக்கும் பகுதிகளில் கீழ்த்தளத்துக் கான்கிரீட் எப்போதும் கொஞ்சம் வியர்த்துக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடியில் ஒரு பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஓர் இரவு முழுவதும், குறைந்தது பதினாறு மணி நேரம், விட்டுவிடுங்கள். காலையில் தாளின் அடியில் நீர்த்துளி பூத்திருந்தால் அந்தத் தரை இன்னும் வண்ணத்துக்குத் தயாராகவில்லை. பத்து ரூபாய் செலவில்லாத சோதனை. வேலை கேட்டு வருகிறவர் இதைச் செய்யச் சொன்னால் அவரைத் தட்டிக் கழிக்காதீர்கள். "எல்லாம் ஒட்டும் சார்" என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். புதிதாகப் போட்ட கான்கிரீட்டுக்கு இருபத்தெட்டு நாளாவது கொடுக்க வேண்டும். புதுத் தார்த்தளத்துக்கும் கிட்டத்தட்ட ஒரு மாதம். அதற்குள் அடித்தால் தாரின் எண்ணெய் மேலேறி வெள்ளைக் கோட்டைப் பழுப்பாக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளியில் இந்த வேலையைத் தொடவே கூடாது. சென்னைக்குத் தையும் மாசியும் நல்ல மாதங்கள்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறும் நடக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் நான் ஒப்பந்தக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று ஆகிவிடும். "ஹைவேல போடுறதையே உங்களுக்குப் போட்டுத் தர்றோம்" என்று சிலர் வருவார்கள். அவர்கள் சொல்வது தெர்மோபிளாஸ்டிக். 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, இரண்டரை மில்லிமீட்டர் கனத்தில் ஊற்றும் பொருள். தார்ச்சாலையில் அதற்கு ஈடில்லை. சூட்டில் தாரோடு உருகிப் பிணைந்துவிடும். சாலைக்கோடுகளுக்கான இந்தியச் சாலைப் பேரவையின் விதிநூல், ஐ.ஆர்.சி. 35, அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறது. ஆனால் உங்கள் ஸ்டில்ட் தளத்தின் சிமென்ட்டில் அப்படிப் பிணைய ஒன்றும் இல்லை. ப்ரைமர் இல்லாமல் போட்டால் பாளமாகப் பெயரும். நடுவே கைத்தடி ஊன்றி நடக்கும் பெரியவர்களுக்கு அந்த விளிம்பு தடுக்கும். பேவர் பிளாக் பதித்த தரை என்றால் ஒவ்வொரு இணைப்பிலும் வெடிக்கும். அதே போல்தான் கண்ணாடி மணிகளும். மாவு போன்ற அந்த மணிகளை ஈரக் கோட்டின் மேல் தூவினால் வண்டி விளக்கின் ஒளியைத் திருப்பி அனுப்பும். வெளிவாசல் பாதைக்கும் சாய்தளத்துக்கும் அது அவசியம். இரவும் பகலும் டியூப்லைட் எரியும் உள்தளத்துக்கு எதற்கு என்று கேளுங்கள். காரணம் சொல்ல முடிந்தவரோடு மேற்கொண்டு பேசுங்கள்.

இப்போது மூன்று கொட்டேஷன். நம் சங்கங்களில் இதற்கு ஒரு புனிதமே வந்துவிட்டது. எங்களுக்கும் மூன்று வந்தன. ஒருவர் மொத்தமாக ஒரு தொகை எழுதியிருந்தார். இன்னொருவர் ரன்னிங் மீட்டருக்கு இவ்வளவு என்றார். மூன்றாமவர் சதுர மீட்டருக்கு. ஒருவர் விலையில் தரை கழுவுவது அடங்கும். ஒருவர் விலையில் பழைய கோட்டைச் சுரண்டுவது அடங்காது. ஒருவர் எத்தனை பூச்சு என்றே எழுதவில்லை. கீழே இருந்த கூட்டுத்தொகையை மட்டும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, குறைந்ததற்கு வட்டம் போட்டவன் நான்தான். அன்று அது நேர்மையான காரியமாகத் தோன்றியது. கத்தரிக்காயையும் அரிசியையும் தராசில் வைத்து எது மலிவு என்று பார்ப்பது போன்ற வேலை அது. மூன்று பேருக்கும் ஒரே வேலையை எழுத்தில் கொடுத்தால்தான் மூன்று விலைக்கும் அர்த்தம் உண்டு. எத்தனை கோடு, என்ன அகலம், எங்கிருந்து எங்கு அளவு, தரையை எப்படிச் சுத்தம் செய்வது, எந்த வகை வண்ணம், எத்தனை பூச்சு, எத்தனை மணி நேரம் வண்டி ஏறக்கூடாது, அந்த நேரத்தில் நாற்பது வண்டிகள் எங்கே நிற்கும்: இவை இல்லாத தாளை அனுப்பிவிட்டு விலை கேட்பது ஒப்பந்தக்காரர்களையும் ஏமாற்றுவதுதான். நேர்மையாக வேலை செய்கிறவர் எல்லாவற்றையும் சேர்த்து விலை சொல்வார், தோற்றுப்போவார். எதையும் சேர்க்காதவர் ஜெயிப்பார். பிறகு நல்ல ஆள் கிடைப்பதில்லை என்று நாமே புலம்புவோம்.

குறைந்த விலையின் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். காற்று புகாத கீழ்த்தளத்தில் தின்னர் வாடையோடு குனிந்து கிடக்கும் ஆளுக்கு முகக்கவசம் இருக்காது; விசிறி இருக்காது. காய்ச்சிய தெர்மோபிளாஸ்டிக் வண்டியைத் தள்ளுகிறவர் காலில் ரப்பர் செருப்பு இருக்கும். நாம் மிச்சம் பிடித்த ஆயிரங்கள் அவர்களின் நுரையீரலிலிருந்தும் பாதத்திலிருந்தும் வந்தவை. இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. விலைப்பட்டியலில் வெட்டுவதற்கு வேறு எதுவும் இல்லை என்பதால் சொல்கிறேன்.

மஞ்சள் கோடு பற்றித் தனியாக ஒரு வார்த்தை. சாலைக் கோட்டின் அந்தப் பளிச்சென்ற மஞ்சளுக்குக் காலங்காலமாகப் பயன்பட்ட நிறமி லெட் குரோமேட், ஈயம். வீடுகளுக்கான வண்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-இல் மத்திய அரசு விதி வகுத்து, 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அந்த விதியின் தலைப்பிலேயே வீட்டு வண்ணம், அலங்கார வண்ணம் என்றுதான் இருக்கிறது. சாலைக்கென்று தயாரான மஞ்சளை வாங்கி வந்து குழந்தைகள் சைக்கிள் ஓட்டும், சாயங்காலம் உட்கார்ந்து விளையாடும் ஸ்டில்ட் தளத்தில் பூசுகிறோம். அது தேய்ந்து தூளாகி அவர்கள் உள்ளங்கையில் ஒட்டுகிறது. ஈயம் இல்லாத மஞ்சள் கடையில் கிடைக்கிறது. கேட்டு, எழுதி வாங்கினால் போதும். கேட்கத் தெரிந்தவர் நம் பக்கம் ஒருவர் வேண்டும்.

"அழிஞ்சா அடுத்த வருஷம் மறுபடி போட்டுக்கலாம்" என்பதுதான் எனக்கு மிகவும் கோபம் வரவழைக்கும் வாதம். தவறான கோடு முழுதாக அழிவதில்லை. பாதி அழியும். அதன் மேல் சரியான கோட்டைப் போட்டால் இரண்டு கோடுகள் நிற்கும். புதிதாக வருகிறவர் எதற்குள் நிறுத்துவார்? பழையதை மறைக்கக் கறுப்பு அடிப்பார்கள். கறுப்பு மழையில் வழுக்கும், வெயிலில் பளபளக்கும், சில மாதத்தில் தேய்ந்து அடியிலிருக்கும் வெள்ளை எட்டிப்பார்க்கும். உண்மையில் பழைய கோட்டை எடுக்கவேண்டும் என்றால் இயந்திரம் வைத்துத் தரையைச் சுரண்ட வேண்டும். அதன் தழும்பு தரையில் நிற்கும். எங்கள் பன்னிரண்டு இடங்களை மீட்க நாங்கள் அதைத்தான் செய்தோம். சுரண்டிய கூலியே முதலில் வட்டம் போட்ட கொட்டேஷனை விட அதிகம். ஆசிரியரின் பத்து மாதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கோடு எதற்காக என்பதையே நாம் குறுக்கிப் புரிந்துகொண்டிருக்கிறோம். காரை ஒழுங்காக நிறுத்த என்று நினைக்கிறோம். எங்கே நிறுத்தக் கூடாது என்று சொல்லும் கோடுதான் உயிரைக் காக்கும் கோடு. உயரமான கட்டடத்தைச் சுற்றித் தீயணைப்பு வண்டி வர 6 மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. வண்டிகள் பெருகப் பெருக, "சும்மாதானே கிடக்கு" என்று அந்த வெளியிலேயே நிறுத்துமிடம் வரைந்துவிடும் சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். பெயின்டர் எதிர்த்துப் பேசமாட்டார். அவர் வேலை அது இல்லை. தொழில் தெரிந்தவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "இங்க போடக்கூடாது சார்" என்பார். அவருக்குக் கொடுக்கும் கூலியில் பாதி இந்த ஒரு சொல்லுக்கே தகும்.

சக்கர நாற்காலிச் சின்னமும் அப்படித்தான். சாதாரண இரண்டரை மீட்டர் இடத்துக்குள் நீலத்தில் அந்தப் படத்தை வரைந்துவிட்டுக் கடமை முடிந்தது என்று போய்விடுகிறோம். மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுத்துமிடம் 3.6 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் இருக்க வேண்டும், நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. கூடுதல் 1.1 மீட்டர் அலங்காரத்துக்கு இல்லை. கதவை முழுக்கத் திறந்து, பக்கத்தில் நாற்காலியை விரித்து, உடம்பை அதற்கு மாற்றிக்கொள்ள ஒரு மனிதருக்குத் தேவைப்படும் இடம் அது. அந்த இடத்தைக் கொடுக்காமல் படத்தை மட்டும் வரைவது அவரை அவமதிப்பது.

ஓர் எச்சரிக்கை. தரையில் எழுதிய எண் பட்டா ஆகாது. திறந்தவெளி நிறுத்துமிடம் பொதுப்பரப்பு என்று 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. மகாராஷ்டிர வழக்கொன்றில், ஸ்டில்ட் நிறுத்துமிடத்தைக் கட்டுநர் தனியே விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. யாருக்கு எந்த இடம் என்ற தகராறைப் பெயின்ட் டின்னால் தீர்க்க நினைக்கும் சங்கம் முதலில் அதைத் தாளில் தீர்க்கட்டும்.

எட்டுக் கார் நிற்கும் சின்னக் குடியிருப்புக்கும் ஒப்பந்தக்காரர் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் இண்டியோ ஊருக்கு அருகில், 1917-இல் ஒரு லாரி தன் காரைச் சாலையை விட்டே ஒதுக்கித் தள்ளிய பிறகு, ஜூன் மெக்காரல் என்ற மருத்துவர் தானே மண்டியிட்டு ஒரு மைல் தூரம் சாலையின் நடுவே வெள்ளைக் கோடு வரைந்தார். யாரையும் கூலிக்கு அமர்த்தவில்லை. 1924-இல் அந்த மாநிலம் முழுவதும் நடுக்கோடு வந்தது. கையால் வரைந்தார் என்பதைக் காட்டி என்னை மறுக்க முடியாது. கோடு எங்கே வேண்டும், ஏன் வேண்டும் என்று அவர் யோசித்த பிறகே தூரிகையைத் தொட்டார். அந்த யோசனை உங்கள் வளாகத்தில் யாருக்காவது இருந்தால் நீங்களே போடுங்கள். பெயின்டரையே வைத்துப் போடுங்கள். இல்லையென்றால் அது இருக்கிற ஆளைத் தேடிக் கூலி கொடுங்கள்.

ஒவ்வொரு தை பிறக்கும்போதும் பல சங்கங்களில் இந்தப் பேச்சு எழும். கொட்டேஷன் கேட்கும் முன் அங்கீகார வரைபடத்தின் நகலை எடுத்து வையுங்கள். இரவு பத்து மணிக்கு, எல்லா வண்டியும் வந்து அடைந்த பிறகு, டேப்போடு இரண்டு பேர் கீழே இறங்குங்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே அளந்து எழுதுங்கள். வேலைக்கு வருகிறவர் விலை சொல்லும் முன் தானே டேப்பை எடுத்துத் தரையில் குனிகிறாரா என்று கவனியுங்கள். குனிபவருக்குக் கொடுங்கள். முதலில் ஓர் இடம் மட்டும் போடச் சொல்லி, அதை நீங்களும் அளந்து பார்த்து, பிறகு மற்றதைத் தொடரச் சொல்லுங்கள். தொகையில் பத்தில் ஒரு பங்கை மழைக்காலம் முடியும் வரை கையில் நிறுத்தி வைப்பதாக முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். வரிசையின் கடைசி இடத்துக்காரர் யார் என்று தெரிந்துகொண்டு, பொடிக்கோடு அடித்த அன்று அவரையும் கீழே கூப்பிட்டு, அவர் காரை அதற்குள் நிறுத்திக் கதவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு டின்னைத் திறக்கட்டும்.